இருட்டில் ஓர் அப்பிள்

“அதில கைய வச்சிராத, குவெண்டலின்! சொல்லிப்போட்டன்!”

வோல்ட்டர் கத்திய கத்தில், மனைவி குவெண்டலினின் கை மேசைக்கு ஒரு சாண் இப்பால் நின்றுவிட்டது.

“தூசி தட்டத்தான் வந்தன்.”

“அப்பிளில என்ன தூசி? நேத்துத்தானே வந்தது!”

நேற்றுத்தான் வந்தது. கொழும்பிலிருந்து வோல்ட்டரின் தங்கை, ஒரு கன்னியாஸ்திரியின் பையில் போட்டனுப்பிய ஒற்றை அப்பிள். ஒவ்வொரு சோதனைச்சாவடியிலும் எடுத்துப் பார்த்து, மணந்து, திருப்பி வைத்தார்களாம். சண்டையில் பாதை அடைபட்டதிலிருந்து புளியந்தீவுக் கடைகளில் அப்பிளைக் கண்டவர் இல்லை.

“இஞ்ச கேளுங்க. பக்கத்து அறைச் சீதேவி இண்டைக்குப் பன்னிரண்டு மணி பஸ்ஸில வாழைச்சேனைக்குத் தாய் வீட்ட போறாள், பிள்ளைப்பேறுக்கு. நேத்து இதைக் கண்டதிலயிருந்து அவள்ட கண் இதிலதான். வாய் திறந்து கேக்கமாட்டாள்.”

“கேக்காட்டிக் குடுக்கத் தேவையில்ல.”

“புள்ளத்தாச்சி ஆசைப்பட்டது கிடைக்காட்டி, பிறக்கிற புள்ளைக்கு வாயால ஓயாம வீணி வடியும்.”

“வடிஞ்சா கழுத்தில துணியக் கட்டு. இண்டைக்கு எல்லாத்தையும் சேர்த்து ஒரு படம். நாளைக்கு அப்பிளைத் தனிய வச்சு இன்னொண்டு. மறுகாத்தான் ஆருக்கும்.”

அந்த ‘மறுகா’ எப்போது வரும் என்று குவெண்டலினுக்குத் தெரியும். ஊரில் கல்யாணப் படங்கள் குறைந்த பிறகு, அசையாத சாமான்களைப் படமெடுப்பதுதான் வோல்ட்டருக்கு வேலை. அதுகள் கண் சிமிட்டாதாம், ‘என்ட மூக்கு ஏன் இப்பிடி விழுந்திருக்கு?’ என்று சண்டைக்கு வராதாம். போன மாதம் வாவி நண்டு. ‘இன்னும் ஒண்டு, இன்னும் ஒண்டு’ என்று நாலு நாள். அடுத்த வீட்டார் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்த பிறகுதான் ஓய்ந்தார். அதற்கு முந்திய பப்பாசிப்பழத்தை எறும்பு தின்று முடித்தது.

“அன்ரி, நான் போயிட்டு வாறன்.”

வாசலில் சீதேவி. ஒரு கையில் பை, மற்றக் கை வயிற்றில். அவள் கண் நேரே மேசைக்குப் போனது. வாய் உடைந்த நீலப் பீங்கான், பித்தளைச் செம்பு, இரண்டு தேசிக்காய், நடுவில் அப்பிள். மிடறு விழுங்கினாள்.

“என்ன பாக்கிறாய்?” என்றார் வோல்ட்டர்.

“ஒண்டுமில்ல அங்கிள். வடிவா அடுக்கி இரிக்கி.”

அவர் கமரா நின்ற முக்காலியின் காலைத் திருகினார். இறுகியிருந்த காலை மறுபடியும் திருகினார்.

“பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இரிக்கி. இடையில கதவைத் திறந்தா வெளிச்சம் வந்திரும். படம் முடியட்டும், இரி. அங்க இல்ல, இஞ்ச, மேசைக்குக் கிட்ட. குவெண்டலின், நீ அவளுக்குப் பக்கத்தில.”

யன்னல்களுக்கெல்லாம் கம்பளி கட்டியிருந்தது. கதவையும் சாத்த, காலை பத்து மணிக்கே கண் தெரியாத இருட்டு.

“இருட்டில எப்பிடி அங்கிள் படம் விழும்?”

“கமராட கண் திறந்தே இரிக்கும் புள்ள. நான் ரோச் லைற்றால ஒவ்வொரு சாமானாத் தடவுவன். வெளிச்சம் பட்டது விழும், படாதது விழாது. நானே குறுக்கால நடந்தாலும் படத்தில தெரியமாட்டன்.”

“வீட்டு வேலையும் அப்பிடித்தான். செய்யிற ஆள் தெரியாது” என்றாள் குவெண்டலின்.

“மூச்சுக் காட்டப்படாது!”

கடதாசிக் கூம்பு சுற்றிய ரோச் எரிந்தது. அதன் பற்றரிகள் ஊருக்குள் வராத சாமான். மூன்று நாள் மதிலில் வெயில் காயவைத்து உயிர் கொடுத்தவை. சின்ன வெளிச்சம் அப்பிளின் கன்னத்தைத் தடவியது. செம்பின் கழுத்தில் ஏறியது, பீங்கானின் விளிம்பில் ஓடியது, தேசிக்காய்களைத் தொட்டது. எங்கேயோ ‘டக்’ என்று ஒரு சத்தம். மேசைக்கால் போலும். பிறகு வெளிச்சம் மேசையை விட்டுச் சுவருக்குப் போனது.

சுவருக்கும் வெளிச்சம் பூசவேணுமாக்கும் என்று நினைத்தாள் குவெண்டலின். சுவர் முடிந்தால் மனுசன் அப்பிளுக்குத் திரும்பி வந்துவிடுவார். எடுப்பதென்றால் இப்போதுதான். எடுத்தால் படம் போச்சு. ஒரு மாதத்துக்கு வீட்டில் பேச்சு இராது.

பக்கத்தில் சீதேவி மறுபடியும் மிடறு விழுங்குவது கேட்டது.

குவெண்டலின் கையை நீட்டினாள். அப்பிளை எடுத்துச் சீதேவியின் கையில் திணித்தாள்.

“ஒண்ணா, வேணாம் அன்ரி... அங்கிள்ட படம்...” காதோடு காதாக.

கை திருப்பித் தள்ளியது. இவள் திணித்தாள். மறுபடி தள்ளியது, மறுபடி திணித்தாள். மூன்றாம் முறை விரல்கள் மூடிக்கொண்டன. ஆனால் கடிக்கிற சத்தம் இல்லை. குவெண்டலின் அவள் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள்.

சுவரில் வெளிச்சம் மேலும் கீழும் அலைந்தது. மஞ்சளானது, சிவந்தது.

‘கறுக்!’

“முடிஞ்சுது!” என்று வோல்ட்டர் கம்பளியை இழுத்தார்.

பகல் குபுக்கென்று உள்ளே விழுந்தது. மேசையில் அப்பிள் இருந்த இடம் வெறுமை. சீதேவியின் ஒரு கன்னம் புடைத்திருந்தது. மெல்லவும் பயம், விழுங்கவும் பயம்.

குவெண்டலின் எழுந்து அவளை மறைத்து நின்றாள். “நான்தான் எடுத்துக் குடுத்தன். ஏசுறதெண்டா என்னை ஏசுங்க. படம் பாழாப்போனாப் போகட்டும்!”

வோல்ட்டர் அணைந்துபோன ரோச்சைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்த்தார்.

“படம் ரெண்டு நிமிசத்திலயே முடிஞ்சு, கமராக்கு ‘டக்’கெண்டு மூடியும் போட்டாச்சு. மிச்ச நேரமெல்லாம் சும்மா சுவருக்குப் பிடிச்சுப் பிடிச்சு என்ட பற்றரிதான் செத்துப்போச்சு. என்ன கா, ஒரு அப்பிளைக் கடிக்க ரெண்டு பேருக்கும் இவ்வளவு நேரமா?”