ஹேண்ட்பிரேக்கின் காவல்

ஒரு பழைய காரில் ஹேண்ட்பிரேக் ஒன்று இருந்தது. "பெட்ரோலை இப்படிக் குடிச்சா வண்டியை வித்துட வேண்டியதுதான்" என்று வண்டிக்காரர் மாசிலாமணி சொன்ன நாளிலிருந்து அதற்கு நிம்மதியே இல்லை. கூட இருந்துகொண்டே யாரோ திருடுகிறார்கள் என்று அதற்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

அன்று மாசிலாமணி கோயிலுக்குக் கிளம்பியதுமே அது பெட்ரோல் முள்ளை முறைத்தது. "நீதானே கிடுகிடுன்னு இறங்கறே?"

"உள்ளே இருக்கறதைத்தானே காட்டறேன், அக்கா!"

"அப்போ அந்த ஏசிதான். திருடிக் குடிக்காம அவனுக்கு அவ்வளவு குளிர்ச்சி எங்கிருந்து வரும்?"

பின்சக்கரம் முனகியது. "அக்கா, யாரோ என்னைப் பிடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு. உடம்பெல்லாம் சுடுது."

"நான்தாண்டி. லேசாத்தான் பிடிச்சிருக்கேன். அவர் காலால மிதிக்கிற பிரேக்கை நம்பி உன்னை முழுசா விட முடியுமா?"

கருகல் வாடை மாசிலாமணியின் மூக்கில் ஏறியது. குனிந்து பார்த்தவர், பாதியில் நின்றிருந்த ஹேண்ட்பிரேக்கை அடிவரை இறக்கிவிட்டார். வண்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. சாமி கும்பிட்டு வீடு திரும்பும்வரை முள் அசையவே இல்லை. "பரவாயில்லையே, வச்சுக்கலாம் போலிருக்கே!" என்றார் மாசிலாமணி.

ஹேண்ட்பிரேக் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது.

"பார்த்தீங்களா? நான் அதட்டினதும் திருடன் பயந்துட்டான். இனிமேதான் ஜாக்கிரதையா இருக்கணும். நாளையிலிருந்து இன்னும் கொஞ்சம் இறுக்கியே பிடிச்சுக்கறேன்."