சாவுக்கு வந்தவர்

மெட்ராஸிலிருந்து தபாலில் வந்த கவரைத் தெய்வநாயகம் பிரிக்கவில்லை. அவர் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். இங்கிலீஷ் தெரிந்தவர் விழுப்புரத்தில் படித்த தம்பி வேணுதான்.

"நீயே படி. எத்தினி மாசம்னு மட்டும் சொல்லு."

வேணு கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

இந்த வீட்டுக்கு அவர் வந்துபோக ஆரம்பித்து நாற்பது நாள்தான் ஆகிறது. அதற்கு முன் பதினோரு வருஷம், திருக்கனூர் கடைத்தெருவில் எதிரெதிரே இரண்டு மல்லாட்டை மண்டிகள்; இருவருக்கும் வேர்க்கடலை வியாபாரம். அண்ணன் தம்பிக்குள் பேச்சில்லை.

பாகம் பிரித்த அன்று, மாரியம்மன் கோயிலில் எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்து வேணு சத்தியம் செய்திருந்தார். இனி உன் சாவுக்குத்தான் உன் வாசலை மிதிப்பேன்.

எண்பத்தேழாம் வருஷம் சித்திரையில் புதுச்சேரியில் எடுத்த ஸ்கேனில், அண்ணனின் கல்லீரலில் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கட்டி தெரிந்தது. புற்றுநோய் என்றார்கள்.

மறுநாள் காலையே வேணு வந்துவிட்டார். சாகப்போகிறவரைப் பார்ப்பது சத்தியத்தை மீறியதாகாது என்று ஊரும் ஒப்புக்கொண்டது.

நாற்பது நாளும் பழைய பேச்சுதான். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இருவரும் டவுசருக்குள் வாசனை சோப்பை ஒளித்துக்கொண்டு சுங்கச்சாவடி தாண்டப் போனார்கள். மழை பிடித்துக்கொண்டது. வேணுவின் தொடை வழியே நுரை இறங்கியது. அதைச் சொன்னால் போதும், அண்ணன் அந்த வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்.

மெட்ராஸில் எடுத்த இரண்டாவது ஸ்கேனின் முடிவை வேணு இரண்டு முறை படித்தார்.

புற்றுநோய் இல்லை. வெறும் ரத்தக்குழாய் முடிச்சு. பிறவியிலிருந்தே இருந்திருக்கலாம். ஒன்றும் செய்யாது. மருந்துகூட வேண்டாம்.

சொல்லாமல் இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் வந்துபோகலாம்.

அப்படி நினைத்ததற்கே அவருக்கு வெட்கமாக இருந்தது.

சொன்னார்.

உள்ளே அண்ணி சிவகாமசுந்தரி "மாரியாத்தா!" என்று வாய்விட்டு அழுதாள்.

வேணு காகிதத்தை மடித்து வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினார்.

"எங்கடா கிளம்பிட்ட?"

"சத்தியம் பண்ணியிருக்கேண்ணா."

தெய்வநாயகம் சாய்வு நாற்காலியை விட்டு எழவில்லை.

"என் சாவுக்குத்தான வந்த? கொஞ்சம் சீக்கிரம் வந்துட்ட. அது வர வரைக்கும் இருந்துட்டுப் போடா."