சுரண்டிய தாள்

"என்ன மருந்து அடிச்சாங்க?" என்று டாக்டரம்மா மூன்றாவது தடவையாகக் கேட்டார். "புல்லுக்கு அடிக்கிற மருந்தும்மா" என்பதைத் தவிர அங்கமுத்துவுக்கு வேறு பதில் தெரியவில்லை. கட்டிலில் அவன் பெண்டாட்டி செவந்தி வாயில் நுரை தள்ளக் கிடந்தாள். அடுக்குமாடிக் குடியிருப்பின் புல்தரைக்குக் காலையிலிருந்து மருந்தடித்தவள் அவள்தான். தோளில் மாட்டிய மருந்து டேங்க் கசிந்து முதுகெல்லாம் நனைந்தும், பாதியில் நிறுத்தினால் சூப்பர்வைசர் கத்துவாரே என்று இறக்கி வைக்கவில்லை. கையோடு கொண்டுவந்த பாட்டிலை அங்கமுத்து நீட்டினான். டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல ஒட்டியிருந்த தாள் எங்க?" "சுரண்டிட்டேம்மா. விஷம்னு போட்டிருக்கிறதைப் பாத்தா குடியிருக்கிறவங்க பயப்படுறாங்கன்னு குடியிருப்பு செக்ரட்டரி சொன்னாரு." "பேராவது ஞாபகம் இருக்கா?" "இங்கிலீஷ்ல இருந்துச்சும்மா." "சரி, அதுல ஒரு கலர் இருந்திருக்குமே. பச்சையா, நீலமா, மஞ்சளா, சிவப்பா? சிவப்புன்னா கொடிய விஷம். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க." அங்கமுத்து கண்ணை இறுக மூடினான். சொன்ன வேலையைச் சுத்தமாகச் செய்கிறவன் என்று அவனுக்குப் பெயர். நேற்றுச் சாயங்காலம் பாட்டிலைத் தண்ணீரில் ஊறப்போட்டு, ஒரு துணுக்குகூட மிஞ்சாமல் கட்டைவிரல் நகத்தாலேயே சுரண்டி எடுத்திருந்தான். சட்டென்று அந்த விரலை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தான். நகத்துக்கு அடியில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. ரத்தமா இருக்கட்டும் ஆத்தா, ரத்தமா இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே அந்த இடத்தைப் பலங்கொண்ட மட்டும் அழுத்தினான். வலிக்கவில்லை.