சீடை டப்பாவின் மூடி

எவர்சில்வர் டப்பா விழுந்த சத்தத்தில் ஹாலே முன்வரிசைப் பக்கம் திரும்பியது. சீடை நாலாபக்கமும் உருண்டு ஓடியது.

மேடையில் ராணி வேஷத்தில் பேசிக்கொண்டிருந்த வான்மதி வாயடைத்து நின்றாள். அவள் அம்மா சண்முகப்ரியா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

போன வருஷத் தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் வசனம் மறந்து, அழுதுகொண்டே மேடையை விட்டு ஓடிய பிள்ளை. இந்தத் தடவையும் சொதப்பினால் தமிழ்ப் பள்ளிக்கே வரமாட்டேன் என்று கறாராகச் சொல்லியிருந்தாள். அதற்காகவே இரண்டு மாதமாக அடுப்படியில் ஒத்திகை.

டப்பாவைப் போட்டவர் பக்கத்து வீட்டு வால்டர். வயது தொண்ணூற்றிரண்டு. டிவி வந்த புதிதில் நியூயார்க்கில் ஏழு வருஷம் டிவி நாடகங்களில் நடித்தவர். அப்போதெல்லாம் பதிவு கிடையாது. நடிக்க நடிக்க அப்படியே வீடுகளுக்குப் போய்விடுமாம். ஹீரோவுக்குக் கோட்டு மாட்டிவிடுகிறவர், தந்தி கொண்டுவருகிறவர், எல்லாமே இப்படிப்பட்ட வேஷம்தான்.

பெருமைக்கு மட்டும் குறைவில்லை. தன்னோடு நடித்த ஹீரோ ஒருத்தர்கூட வசனம் மறந்ததில்லை என்பார். அதில் இவருக்கென்ன பெருமை என்று ப்ரியாவுக்குப் புரிந்ததேயில்லை.

தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் ஒத்திகைக்குத் தினமும் ஆஜராகிவிடுவார். இன்று காலையில் சீடை டப்பாவைத் தானே தூக்கிவருவதாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். பல்செட்டை வைத்துக்கொண்டு சீடையா என்று அப்போது அவள் சிரித்தாள்.

இப்போது சிரிப்பு வரவில்லை. மனுஷன் சாவகாசமாகக் குனிந்து, ஒவ்வொரு சீடையாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பின்னால் யாரோ உச்சுக்கொட்டினார்கள்.

நல்லவேளை, வான்மதி விட்ட இடத்திலிருந்து பிடித்துக்கொண்டாள். அப்புறம் கடைசிவரை தங்குதடையில்லை. கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

விழா முடிந்ததும் பள்ளிச் செயலாளர் சாரதா ஆன்ட்டி வந்தார்.

“அந்த இரைச்சல்லயும் பிள்ளை கலங்கலையே, சூப்பர்,” என்றவர் குரலைத் தாழ்த்தினார். “அடுத்த வருஷம் தாத்தாவை வீட்லயே விட்டுட்டு வாம்மா.”

ப்ரியா நாலு பேரிடம் மன்னிப்புக் கேட்டாள். நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்து டப்பா மூடியைத் தேடினாள். இரண்டு கையாலும் இழுத்தால்தான் கழலும் மூடி. எங்கே போய்த் தொலைந்ததோ, கிடைக்கவில்லை.

பிரிட்ஜ்வாட்டரில் வீடு வந்து சேரும்வரை காரில் வால்டரிடம் பொருமித் தீர்த்தாள். மடியில் இருந்ததைக் கெட்டியாகப் பிடித்திருக்கக் கூடாதா, குழந்தை பயந்தே போனாளே என்று. வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது என்று அவர் ஒப்புக்கொண்டார்.

வாசலில் கார் நின்றதும் பின்சீட்டிலிருந்து வான்மதி சொன்னாள்.

“அம்மா, அவரைத் திட்டாத. ஐ ஃபர்காட் மை லைன். டப்பா விழறதுக்கு முன்னாடியே. எல்லாரும் சீடையைப் பார்த்தாங்கல்ல, அப்பதான் ஞாபகம் வந்துச்சு.”

ப்ரியா வால்டர் பக்கம் திரும்பினாள். அவர் கோட்டுப் பையிலிருந்து டப்பா மூடியை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

“என்கூட நடிச்சவங்க யாரும் வசனம் மறந்ததில்லை, ப்ரியா,” என்றார் ஆங்கிலத்தில். “வான்மதியும் மறக்கலை.”