ஈய டப்பாவில் பிஸ்மத்

பீங்கான் பட்டறை ஒன்றில், பளபளப்புப் பூச்சில் இனிமேல் ஈயம் சேர்ப்பதில்லை என்று முடிவானது. ஈயப் பொடியை அகற்றி, டப்பாவைக் கழுவி, அதில் பிஸ்மத் என்ற விஷமில்லாத வேறொரு பொடியை நிரப்பினார்கள். மேலே ஒட்டியிருந்த சீட்டை மட்டும் யாரும் கிழிக்கவில்லை.

பூச்சுக்குக் காத்திருந்த கோப்பை சீட்டைப் படித்துவிட்டு அலறியது. "ஈயமா! கிட்ட வராதே. நீ விஷமாச்சே! எனக்குள்ள டீ ஊத்திக் குடிக்கிறவங்க கதி என்ன?"

"ஐயோ, நான் ஈயம் இல்லைங்க. பிஸ்மத்."

"அப்புறம் ஏன் ஈய டப்பாவுல இருக்கே?"

"தெரியலைங்க. இதுலதான் கொட்டினாங்க."

"ஈயமும் இப்படித்தான் மழுப்பும்."

பிஸ்மத்துக்கே சந்தேகம் வந்துவிட்டது. நானும் மஞ்சள், ஈயப் பொடியும் மஞ்சளாமே? நானும் சூட்டில் உருகுவேன், அதுவும் உருகுமாமே? அந்தக் குழப்பத்தோடேயே கோப்பைமேல் பூசப்பட்டு, சூளைக்குள் போய் உருகியது.

வெளியே வந்த கோப்பை வானவில்லாய் மின்னியது. பக்கத்துத் தட்டிடம் பெருமையாகச் சொன்னது: "ஈயத்தைப் போய் விஷம்னு சொல்றாங்களே! எவ்வளவு தங்கமானது பாரு."

நான் ஈயம் இல்லை என்று சொல்ல பிஸ்மத் வாயெடுத்தது. அப்புறம் என்ன தோன்றியதோ, "ரொம்ப நன்றிங்க" என்றது.