பத்தொன்பது கேள்விகள்

“கண்ணாடிய கடையிலேயே வச்சுட்டு வந்துட்டேன். நீயே படிச்சு எழுது, வல்லி” என்று தாளை மனைவியின் பக்கம் தள்ளினார் வெள்ளைத்துரை.

அடையாறில் ஒரு மனநல கிளினிக். கஞ்சாவால் கடந்த மூன்று மாதத்தில் என்னென்ன பிரச்சினை என்று பத்தொன்பது கேள்விகள். இல்லை என்றால் பூஜ்யம், கொஞ்சம் என்றால் ஒன்று, அதிகம் என்றால் இரண்டு.

தாளைக் கொடுத்த டாக்டர் ஸ்வர்ணலதா, “கையில என்னம்மா கட்டு?” என்று கேட்டார்.

“பாத்ரூம்ல வழுக்கிட்டேன், டாக்டர்” என்றாள் சுந்தரவல்லி. டாக்டர் உள்ளே போனதும் பேனாவை இடது கையில் பிடித்துக்கொண்டாள்.

“வேலைக்குப் போகாம இருந்தீங்களா?”

“இல்ல.”

தி.நகரில் ஜாக்கெட் துணிக் கடை. நூறு பச்சைக்கு நடுவே சேலைக்குப் பொருந்துகிற பச்சையைச் சட்டென்று எடுத்துப் போடுகிற மனிதர். இப்போது பாதி நாள் ஷட்டரே ஏறுவதில்லை. அவள் இரண்டு போட்டாள்.

“வீட்ல பொய் சொன்னீங்களா?”

“சேச்சே.”

அதற்கும் இரண்டு.

கட்டின புருஷனைப் பக்கத்தில் உட்கார்ந்தே காட்டிக்கொடுக்கிறோமே என்று அவளுக்குக் குற்ற உணர்ச்சி பிடுங்கித் தின்றது. ஆனால் மறைத்தால் வைத்தியம் நடக்காது. அவர் பார்த்துவிட்டாலோ எழுந்து போய்விடுவார், அப்புறம் ஜென்மத்துக்கும் வரமாட்டார். நல்லவேளை, கண்ணாடி இல்லை.

பேன்ட் பையில் ஏதோ குத்த, வெள்ளைத்துரை ஒருக்களித்து உட்கார்ந்தார். “அடுத்தது?”

ஒன்பதாவது கேள்விக்கு அவள் குரல் இறங்கியது. “வீட்ல யார் மேலயாச்சும் கை நீட்டினது உண்டா?”

அவர் பார்வை சுவருக்குப் போனது. “இல்ல.”

அவள் பூஜ்யம் போட்டாள். மிச்சக் கேள்விகளை மடமடவென்று முடித்தாள்.

உள்ளே டாக்டர் கூட்டிப் பார்த்தார். “இருபத்தேழு. இவ்வளவு ஒத்துக்கிட்டதே பெரிய விஷயம் சார். வாரா வாரம் வாங்க, சரி பண்ணிடலாம். இங்க ஒரு கையெழுத்து.”

தாள் அவர் கைக்குப் போனது. “இங்கதான், போடுங்க” என்று சுந்தரவல்லி அவசரப்படுத்தினாள்.

வெள்ளைத்துரை பேன்ட் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். முதல் கேள்வியிலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார்.

“மன்னிச்சிருங்க, நான்தான்...” என்று அவள் திணறினாள்.

“நீ உள்ளத எழுதுவன்னுதான் ஒன்கிட்ட கொடுத்தேன். எனக்கு வாயில வரல.”

விரல் ஒன்பதில் நின்றது. அவர் மனைவியின் கைக்கட்டைப் பார்த்தார். பேனாவை எடுத்து, பூஜ்யத்தை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினார்.

“அவ வழுக்கி விழல, டாக்டர்.”