நோ வொர்ரீஸ்

கொள்முதல் நிலையத்து முற்றத்தில், மழைவிட்ட வெயிலில் நெல் குவியல்கள் ஆவி விடுகின்றன. ஐந்து நாளாக எடைக்குக் காத்துக் கிடக்கும் தன் நெல்லுக்குள் சுடலைவடிவு கையை விடுகிறாள், சுடுகிறது. அள்ளிய மணியெல்லாம் வெள்ளை முளை. மேசையில் அலுவலர் போனைத் தடவியபடி, "நோ வொர்ரீஸ்மா" என்கிறார். சாக்கு இல்லாத அன்றும் அதைத்தான் சொன்னார். தார்ப்பாய் கேட்ட அன்றும் அதேதான். 'கவலைப்படாதீங்க' என்று அர்த்தமாம். மகள் நித்யா சொன்னாள். கவலைப்பட வேண்டிய ஆளே அதைச் சொன்னால் 'எனக்கென்ன' என்றுதான் அர்த்தம். இது சுடலைவடிவு இந்த முற்றத்தில் படித்தது. அள்ளிய நெல்லை அந்தப் போன்மேலேயே கொட்டுகிறாள். "நீங்க சொல்லுதது எனக்கு வெளங்கிட்டு சார். இந்த நெல்லுக்குத்தான் வெளங்கல, முளைச்சிட்டு."